பழைய கம்பைனா, புதிய கம்பைனா: உள்ளே என்ன மாறியிருக்கிறது?

கேள்வி இதுதான். முப்பது வருடத்துக்கு மேல் ஆன வாக்கர் வகை கம்பைன் (பயிரை அறுத்து, கதிரடித்து, சலித்துத் தரும் இயந்திரம்; வாக்கர் என்றால் என்ன என்பது கீழே வரும்) ஒன்று பண்ணையில் இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. 120 ஹெக்டேர் அறுக்க வேண்டும். பெரும்பாலும் கோதுமை, கொஞ்சம் சோயா. பக்கத்துப் பண்ணைக்காரர் புதியது ஒன்றை இறக்கிவிட்டு, "இதில் ஒரு மணிகூடச் சிந்துவதில்லை" என்கிறார். பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதற்குப் போவதில் நிஜமாகவே ஆதாயம் உண்டா?

சிந்துவதில்லை என்பதை அப்படியே நம்ப வேண்டாம். சரியாக செட் செய்து, அதற்குரிய வேகத்தில் ஓட்டினால் பழையது சிந்துவதும் புதியது சிந்துவதும் ஏறக்குறைய ஒரே அளவுதான். புதியது ஜெயிப்பது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, ஒரு மணி நேரத்தில் அது விழுங்கும் பயிரின் அளவு. இன்னொன்று, காலையில் வைத்த செட்டிங்கை மாலை வரைக்கும் நிலைமைக்கேற்ப மாற்றிக்கொண்டே போவது. உங்களிடம் பற்றாக்குறையாக இருப்பது அறுவடை நாட்களா, கவனமான ஓட்டுநரா என்று யோசித்தால் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும். மீதிப் பாதி ரிப்பேர் சமாச்சாரம்.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தில் ஆண்ட்ரூ மெய்க்கிள் 1786-இல் செய்த கதிரடிக்கும் இயந்திரத்திலேயே சுழலும் டிரம் வந்துவிட்டது. இன்றைக்கும் அதன் வம்சம்தான் ஓடுகிறது. டிரம்முக்கும் அதன் கீழே வளைந்து நிற்கும் கம்பித் தட்டியான கான்கேவுக்கும் நடுவில் கதிர் மாட்டித் தேய்கிறது, மணி உதிர்கிறது. அதில் பெரும்பகுதி கான்கேவ் வழியாகவே கீழே இறங்கி, விசிறிக் காற்று பதரை ஊதித் தள்ளும் சல்லடைகளுக்குப் போய்விடும். தாளோடு போகிற மிச்ச மணியை மீட்பதில்தான் பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம்.

பழையதில் அந்த வேலையை வாக்கர் செய்கிறது. நீளமான வாய்க்கால் போன்ற நான்கைந்து தட்டுகள், கிராங்க் தண்டில் ஏறி இறங்கி, தாளைத் தூக்கித் தூக்கிப் போடும். மணி தன் எடையால் தாளுக்குள் புகுந்து கீழே விழ வேண்டும். தாள் மெத்தை மெல்லிதாக இருக்கும்வரை இது அருமையாக நடக்கும். மெத்தை தடித்துவிட்டால் கீழே இறங்க மணிக்கு நேரம் போதாது, பின்பக்கமாக வயலுக்கே திரும்பிவிடும். இந்த இழப்பு படிப்படியாக ஏறாது. ஒரு வேகம் வரை ஒன்றுமே தெரியாது, அதைத் தாண்டினால் கிடுகிடுவென ஏறும். மணிக்கு 4 கிலோமீட்டரில் மிகச் சுத்தமாக அறுத்த வண்டி 5.5-இல் அள்ளிக் கொட்டுவது இதனால்தான். வாக்கர் வண்டியைக் குறை சொல்பவர்களில் பாதிப் பேர் அந்த வரம்பைத் தாண்டி ஓட்டுகிறவர்கள்.

இந்த முட்டுக்கட்டையை உடைக்க வந்ததுதான் ரோட்டர். 1975-இல் நியூ ஹாலண்ட் நிறுவனத்தின் டிஆர்70 இரட்டை ரோட்டரோடு வந்தது. 1977-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் ஆக்ஸியல்-ஃப்ளோ வந்தது. நீள வாக்கில் படுத்திருக்கும் பெரிய உருளை, பயிரைச் சுற்றிச் சுற்றி இழுத்துப் போகும். மணி தன் எடையை நம்பி இருக்க வேண்டியதில்லை, சுழற்சியின் விசையே அதை வெளியே தள்ளுகிறது. பயிர் பல சுற்று தேய்வதால் ஒரே அடியில் உடைக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் சோயா, மக்காச்சோளம் போன்றவற்றில் உடைந்த மணி குறையும். 1990களின் நடுவில் கிளாஸ் நிறுவனத்தின் லெக்ஸியான், முன்னால் டிரம், பின்னால் வாக்கருக்குப் பதில் இரண்டு ரோட்டர் என்று கலப்பு வகையைக் கொண்டுவந்தது. இப்போது வரும் பெரிய வண்டிகள் பெரும்பாலும் ரோட்டர் அல்லது இந்தக் கலப்பு வகை.

ரோட்டருக்கும் ஒரு விலை உண்டு. அது அதிக குதிரைத்திறன் கேட்கும். பச்சையாக, ஈரமாக இருக்கும் தாள் என்றால் கயிறு திரித்துக்கொண்டு முனகும். தாளை நொறுக்கியும் விடும். வைக்கோலைக் கட்டாகக் கட்டி விற்கிறவர்களும் மாட்டுக்கு வைக்கிறவர்களும் வாக்கர் வண்டியின் நீளமான தாளைத்தான் விரும்புவார்கள், அதில் நியாயம் இருக்கிறது. உங்களுக்கு வைக்கோலும் ஒரு வருமானம் என்றால் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். (நெல் அறுக்கிறவர்களின் கதை தனி. அங்கே ராஸ்ப் பாருக்கு (டிரம்மைச் சுற்றி இருக்கும் வரிவரியான தேய்ப்புப் பட்டைக்கு) பதில் முள் வைத்த டிரம், டயருக்குப் பதில் டிராக். கதிரை மட்டும் உள்ளே விட்டுத் தாளை முழுசாக வெளியே விடும் ஜப்பானிய வகையும் உண்டு. இங்கே சொல்லும் ஒப்பீடு அதற்கு முழுதாகப் பொருந்தாது.)

இப்போது பக்கத்துப் பண்ணைக்காரரின் பெருமையைச் சோதிக்கும் வழி. கால் சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு தட்டை, அறுத்துக்கொண்டு போகும் கம்பைனின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் விழுகிற மாதிரி போட வேண்டும். கையை நீட்டிப் போடாதீர்கள். வண்டிக்கு அடியில் மாட்டிவைத்து, காந்தத்தை விடுவித்தால் விழும்படியான தட்டுகளே கிடைக்கின்றன. தாளை நறுக்கும் சாப்பரை நிறுத்தி, தாள் ஒரே வரிசையாக விழும்படி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி போனதும் தாளை உதறி எடுத்துவிட்டுத் தட்டில் இருக்கும் மணியை எண்ணுங்கள்.

கோதுமையில் ஆயிரம் மணி 45 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தட்டில் 100 மணி இருந்தால் சதுர மீட்டருக்கு 400. ஆனால் 5 மீட்டர் அகலத்தில் வெட்டியதெல்லாம் ஒன்றேகால் மீட்டர் அகலத்தில் குவிந்து விழுந்திருக்கிறது, அதாவது 4 மடங்கு அடர்த்தி. நான்கால் வகுத்தால் வயலின் உண்மைக் கணக்கு சதுர மீட்டருக்கு 100 மணி, 4.5 கிராம். ஹெக்டேருக்கு 45 கிலோ. 6 டன் விளைந்த வயலில் இது முக்கால் சதவீதம். பழைய வண்டி இந்த அளவுக்குள் நிற்கிறதென்றால் அதைத் திட்ட எந்தக் காரணமும் இல்லை. 12 மீட்டர் ஹெடர் (முன்னால் பயிரை வெட்டும் பகுதி) போட்ட புதிய வண்டியில் குவியும் மடங்கு இன்னும் அதிகம். வகுக்க மறந்தால் அது பயங்கரமாகச் சிந்துவதாகத் தோன்றும். அதுவும் அநியாயம்தான்.

தட்டுக்கு அடியில் தரையையும் பாருங்கள். அங்கே கிடக்கும் மணி பின்பக்கம் வழியாக வந்ததல்ல. வெட்டும்போது ஹெடரில் உதிர்ந்ததும், அதற்கு முன்பே செடியிலிருந்து தானாக உதிர்ந்ததும் சேர்ந்தது. இன்னும் அறுக்காத பயிருக்கு நடுவில் அதே அளவு இடத்தில் எண்ணிக் கழித்தால் ஹெடர் இழப்பு மட்டும் தனியாகத் தெரியும். சோயாவில் மொத்த இழப்பின் பெரும்பங்கு இந்த இடத்தில்தான். காய் தரையை ஒட்டித் தொங்கும், கத்தி கொஞ்சம் உயர்ந்தாலே அடிக்காய் நின்றுவிடும். ஆகவே பழைய கம்பைனையே வைத்துக்கொண்டு, தரை மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து போகும் ஃபிளெக்ஸ் ஹெடர் ஒன்றை மட்டும் மாட்டினால், முழு வண்டியை மாற்றியதில் கிடைக்கும் லாபத்தில் கணிசமான பகுதி கைக்கு வந்துவிடலாம். எடையைத் தூக்க ஹைட்ராலிக்கும், ஓட்ட இன்ஜினும் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து நாட்கணக்கு. 5 மீட்டர் ஹெடர், மணிக்கு 5 கிலோமீட்டர் என்றால் காகிதத்தில் மணிக்கு 2.5 ஹெக்டேர். திரும்புவது, தானிய டேங்கைக் காலி செய்வது, அடைப்பு எடுப்பது எல்லாம் போக 70 சதவீதம் தேறும். அப்படியானால் 1.75. எட்டு மணி நேர நாளுக்கு 14 ஹெக்டேர். உங்கள் 120 ஹெக்டேரில் சோயாவையும் இதே வேகத்துக்குக் கணக்கிட்டால் மொத்தம் ஒன்பது நாள். 9 மீட்டர் ஹெடரோடு மணிக்கு 6 கிலோமீட்டர் போகும் வண்டி அதே கணக்கில் நாளுக்கு 30 ஹெக்டேர் முடிக்கும், நான்கு நாளில் வேலை தீர்ந்தது. முற்றிய கோதுமைக்கு மழை வராமல் எத்தனை நாள் கிடைக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். இரண்டு வாரம் நம்பிக்கையாகக் கிடைக்கும் இடம் என்றால் ஒன்பது நாள் ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு வாரம்கூட உத்தரவாதம் இல்லாத இடம் என்றால், நனைந்து முளைகட்டிய தானியத்தில் போவது எந்தச் சல்லடை இழப்பையும் விடப் பெரியது.

மேலே போகப் போகப் பெரிய எண்கள் வரும். 2014-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் நியூ ஹாலண்ட் சிஆர்10.90 எட்டு மணி நேரத்தில் 797.656 டன் கோதுமை அறுத்து உலக சாதனை படைத்தது. மணிக்குச் சுமார் 100 டன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் தானியத்தை ஏற்றிப் போக டிரெய்லர்கள் வரிசையில் நிற்க வேண்டும், கொட்டும் இடத்தில் கன்வேயர் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும், உலர்த்தி ஒன்று இருந்தால் அதுவும் தாங்க வேண்டும். பண்ணையில் ஒரே டிரெய்லர் என்றால் எந்தக் கம்பைனும் அந்த டிரெய்லரின் வேகத்துக்குத்தான் அறுக்கும். டேங்க் நிறைந்து, விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு நடு வயலில் காத்து நிற்கும் 600 குதிரைத்திறன் வண்டிகளை நிறையப் பார்த்தாயிற்று.

எடையும் கூடவே ஏறுகிறது. 1980களின் நடுத்தர வண்டியில் 4,000 லிட்டர் டேங்க் இருந்தால் தாராளம், கோதுமை நிறைத்தால் 3 டன் சொச்சம். இப்போது உச்ச ரகத்தில் 18,000 லிட்டர் டேங்க் வருகிறது. தானியம் மட்டுமே 13, 14 டன். வண்டியின் எடையில் பெரும்பகுதியும் ஹெடரும் முன் அச்சில்தான். இந்தச் சுமை ஈர மண்ணில் ஏறினால் உழவு எட்டாத ஆழத்தில் மண் இறுகிவிடும். அந்த இறுக்கம் வருடக்கணக்கில் போகாது. அகல டயரும் ரப்பர் டிராக்கும் மேல்மண்ணைக் காப்பாற்றும். அடிமண்ணுக்கோ அச்சின் மொத்தச் சுமையே கணக்கு. களிமண் நிலம், அறுவடை நேரத்தில் ஈரம் நிற்கும் என்றால் பழைய, லேசான வண்டிக்கு இது ஒரு பெரிய பிளஸ். யாரும் விளம்பரத்தில் சொல்லாத பிளஸ்.

கேபினைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஏசி, தூசு வடிகட்டி, தானாக வரிசை பிடிக்கும் ஸ்டியரிங் எல்லாம் சொகுசு மட்டும் இல்லை. பத்தாவது மணி நேரத்தில் ஓட்டுநரின் கவனம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதில் அது தெரியும். நேரே செட்டிங்குக்கு வருகிறேன், அதில்தான் புதிய வண்டியின் உண்மையான கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

காலை பத்து மணிக்குத் தாளில் கொஞ்சம் ஈரம் இருக்கும். கதிர் விடாது. டிரம் வேகம் கூட்டி, கான்கேவை நெருக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு எல்லாம் சருகாகிவிடும். அதே செட்டிங்கில் விட்டால் தாள் பொடிப்பொடியாக நொறுங்கிச் சல்லடையில் வந்து குவியும், மணியும் உடையும். இப்போது டிரம்மைத் தணித்து, கான்கேவைத் திறந்து, காற்றையும் சரிபார்க்க வேண்டும். மாலை ஆறு மணிக்குத் திரும்பவும் தலைகீழ். பழைய வண்டியில் கான்கேவுக்கு லீவர் கேபினிலேயே இருக்கும், ஆனால் சல்லடையைத் திறக்க இறங்கிப் பின்னால் போக வேண்டும். நல்ல ஓட்டுநர் போவார். டேங்கில் கை விட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் ஊதி, பிளந்த மணி எத்தனை, உமி பிரியாத மணி எத்தனை என்று பார்ப்பார். சரியாக உதிராததை மறுபடி அடிப்பதற்காகத் திரும்ப மேலே கொண்டுவரும் டெய்லிங்ஸ் எலிவேட்டர் மூடியைத் திறந்து, அதில் சுத்தமான மணி நிறைய சுற்றுகிறதா என்று பார்ப்பார். சுற்றினால் மேல் சல்லடை அல்ல, கீழ்ச் சல்லடைதான் மூடியிருக்கிறது என்று அர்த்தம். களைத்துப்போனவர், கூலிக்கு வந்தவர், இருட்டுவதற்குள் முடிக்கத் துடிப்பவர் இறங்க மாட்டார். காலை செட்டிங்கிலேயே நாள் ஓடும்.

2010களில் வந்த தானியங்கி அமைப்புகள் இந்த இறங்குவதைத்தான் ஒழித்திருக்கின்றன. தானிய எலிவேட்டரில் ஒரு கேமரா மணியைப் படம் பிடித்து உடைசலையும் தூசையும் கணக்கிடும். சல்லடையின் பின்னால் இருக்கும் சென்சார் தட்டு, வெளியேறும் மணி மோதும் சத்தத்தை எண்ணும். கணினி டிரம், காற்று, சல்லடை, வேகம் எல்லாவற்றையும் அடுத்தடுத்துத் திருத்தும். நல்ல ஓட்டுநரை இது பெரிதாக மிஞ்சிவிடாது. சுமாரான ஓட்டுநரை நல்ல ஓட்டுநருக்கு அருகில் கொண்டுவந்துவிடும். சொந்தக்காரரே ஓட்டும் பண்ணையில் இதன் மதிப்பு குறைவு, ஆள் மாறி மாறி ஓட்டும் பண்ணையில் அதிகம். இன்னொன்று, திரையில் தெரியும் இழப்புக் கோடு வெறும் ஒப்பீடு. தட்டுப் போட்டு எண்ணி, 'இவ்வளவு கோடு என்றால் இவ்வளவு கிலோ' என்று நீங்கள் சொல்லிக்கொடுக்காதவரை அதற்கு ஒன்றும் தெரியாது. வயலில் எந்த இடத்தில் எவ்வளவு விளைந்தது என்று காட்டும் கண்டுமுதல் வரைபடமும் அப்படித்தான். ஆக் லீடர் நிறுவனம் 1992-இல் கொண்டுவந்த கருவியை இன்றும் பழைய கம்பைன்களில் மாட்டலாம். ஆனால் சில லோடுகளையாவது எடைமேடையில் நிறுத்துச் சரிசெய்யாவிட்டால் கிடைப்பது வண்ணப்படம் மட்டுமே.

இனி ரிப்பேர். பழைய வண்டி உடைந்தால் சத்தம் போட்டு உடையும். பேரிங் அலறும், பெல்ட் வாடை வரும், செயின் தாவும். சாவி எடுத்துக் கழற்றி மாட்டிவிடலாம். புதியதில் ஒரு வயரிங் கனெக்டரில் துரு ஏறினால் மொத்த இரும்பும் சும்மா நிற்கும், திரையில் ஒரு எண் மட்டும் மின்னும். சீசன் இல்லாத மாதங்களில் ஷெட்டில் நிற்கும்போது எலி வயரைக் கடித்துவிட்டால், பிரச்சினை அறுவடைக்கு முந்தின நாள்தான் தெரியவரும். புகை விதிகளுக்காக வந்த துகள் வடிகட்டியும் யூரியா கரைசலும் தனிக் கதை. அதில் ஒரு சென்சார் போனால் இன்ஜின் தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும்.

இதைச் சரிசெய்யும் மென்பொருள் யார் கையில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பெரிய சண்டையாகவே ஆகிவிட்டது. 2023 ஜனவரியில் விவசாய இயந்திரங்கள் செய்யும் ஜான் டியர் நிறுவனம் அங்கிருக்கும் பண்ணையாளர் கூட்டமைப்போடு ஓர் ஒப்பந்தம் போட்டது. அதே வருடம் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கான ரிப்பேர் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் ஜான் டியர் மீது வழக்கே தொடுத்தது. வாங்கும் முன் டீலரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி மைலேஜ் பற்றி அல்ல: பிழைக் குறியீட்டை நானே படித்து நீக்க முடியுமா, அறுவடை நேரத்தில் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார்? பழையதற்கு நேர் எதிர்க் கேள்வி: உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறதா? கிடைக்கவில்லை என்றால் அதே மாடலில் இன்னொரு பழுதான வண்டியை உதிரிக்காக வாங்கிப் போட்டுக்கொள்வது பலர் செய்யும் வேலை, நல்ல யோசனையும்கூட.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 120 ஹெக்டேர், பெரும்பாலும் கோதுமை, வண்டி நல்ல நிலையில், நீங்களே ஓட்டுகிறீர்கள் என்றால் புத்தம்புதியதற்கு நான் போக மாட்டேன். அதன் திறனில் பாதிகூட உங்கள் நிலத்தில் வேலை செய்யாது. முதலில் தட்டுப் போட்டு எண்ணுங்கள். பிறகு ராஸ்ப் பார், கான்கேவ் கம்பிகளின் முன் விளிம்பு இரண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். கூர் போய் உருண்டையாகிவிட்டால் எந்த செட்டிங்கும் பலன் தராது, அதை மாற்றினாலே வண்டி இளமையாகிவிடும். சோயாவுக்கு ஹெடர். இத்தனைக்கும் பிறகு நாட்கள் போதவில்லை என்றால், 1990களின் கடைசி முதல் 2000களின் இறுதி வரை வந்த தலைமுறையில் ஒன்றைத் தேடுங்கள். சல்லடையும் காற்றும் கேபினிலிருந்தே மாறும், கொள்ளளவு உங்கள் வண்டியைவிடக் கணிசமாக அதிகம், யூரியா தொல்லை வருவதற்கு முந்தினது. என் கணக்கில் நடுத்தரப் பண்ணைக்கு ஏற்ற ரகம் அதுதான்.

அப்படிப் பார்க்கப் போகும்போது மீட்டரில் இரண்டு மணிக்கணக்கு இருக்கும்: இன்ஜின் ஓடியது, டிரம் ஓடியது. டிரம் ஓடிய மணி நேரத்தைத்தான் தேய்மானத்துக்குப் பார்க்க வேண்டும். பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். இன்ஜினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, தானியத்தைத் தள்ளும் திருகான ஆகர் ஓடும் தொட்டிகளின் அடிப்பக்கத்தைக் கையால் தட்டுங்கள். தகடு மெலிந்திருந்தால் சத்தம் மாறும். வெட்டிய பயிரை டிரம்முக்கு இழுத்துப் போகும் ஃபீடர் செயினைத் தூக்கிப் பாருங்கள், வாக்கர் பேரிங்குகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். இன்ஜினைச் சுற்றியும் பெல்ட் மறைப்புகளுக்குள்ளும் தூசும் பதரும் படிந்து கிடந்தால், அந்த வண்டியை வைத்திருந்தவர் தினமும் ஊதித் துடைக்கிறவர் இல்லை. கம்பைன் எரிந்துபோவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.